குதிகால் தடம்

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இரண்டு அழுக்குத் தடங்கள் இருந்தன. அம்மாவின் குதிகால் பட்ட இடம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்போம். மாசி முடிவதற்குள் தடம் திரும்ப வந்துவிடும். இரவு ஒன்பது மணிக்குக் கம்பெனியிலிருந்து வந்ததும் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். "சித்த நேரம் அம்மிணி, கனம் எறங்கட்டும். அப்பறம் சோறு போடறேன்" என்பாள். பல நாள் அந்தச் சித்த நேரம் அரை மணி ஆகிவிடும். நானும் தம்பியும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்போம். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான் படுப்பார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப்போன பிறகு, 1986இல் அம்மா பனியன் கம்பெனிக்கு வந்தாள். முதலில் பீஸ் அடுக்கும் வேலை, பிறகு செக்கிங். டியூப் லைட் தொங்கும் நீள மேஜை. அதன் இரு பக்கமும் பெண்கள். தைத்து வந்த பனியனை உள்ளே வெளியே திருப்பி, தோள், கழுத்து, கை, மடிப்பு என்று கண்ணை ஓட்டி, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிசிறு இருந்தால் டிரிம்மரால் வெட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. ஷிப்மெண்ட் நெருங்கினால் நடு ராத்திரியும் ஆகும். இடையில் இரண்டு டீ, ஒரு சாப்பாடு. மற்ற நேரம் முழுக்க மேஜைக்கு முன்னால் ஒன்றரை அடி சதுர இடத்தில் நின்றபடி.

அந்த நிற்பைத்தான் நான் பிறகு வெகு நாள் யோசித்திருக்கிறேன். களை எடுக்கிறவள் நகர்கிறாள், தண்ணீர் சுமக்கிறவள் நடக்கிறாள். செக்கிங் மேஜையில் கையும் கண்ணும்தான் ஓடும். கால் நட்டு வைத்த கம்பம் மாதிரி இருக்கும். அந்த வேலைக்கு நிற்க வேண்டிய அவசியமே கிடையாது. மேஜைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டால் உட்கார்ந்தும் பார்க்கலாம். "உக்காந்தா தூக்கம் வரும், பீஸ் கொறையும்" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நான் கேட்டு வளர்ந்த காரணம் அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு முதலில் வந்தது கனம். பிறகு சாயங்காலமானால் கணுக்காலில் வீக்கம், கொலுசு பதிந்த தடம் மறுநாள் காலைவரை மறையாது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறி எழுவாள். தம்பி பிறந்த பிறகு இடது காலின் உள்பக்கம், கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை, பச்சையும் நீலமுமாக ஒரு கொடி ஏறியது. நின்றால் விரல் தடிமனுக்குப் புடைக்கும், படுத்தால் அடங்கிவிடும். நான் அதன்மேல் விரலை வைத்து அமுக்கி விளையாடியிருக்கிறேன். மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப எழும். ஊரிலிருந்து வந்த ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, "நரம்புச் சிலந்தியா இருக்கப்போவுது" என்று பயந்தாள். அவள் காலத்துப் படிக்கிணற்றுத் தண்ணீரில் அந்தப் புழு இருந்தது. அம்மாவின் காலில் இருந்தது வேறு.

எங்கள் பேச்சில் எல்லாமே நரம்புதான். மூளையிலிருந்து உணர்ச்சி கொண்டுபோவதும் நரம்பு, கையில் ஊசி போடத் தேடுவதும் நரம்பு, குதிகாலுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் தசைநாரும் நரம்பு. இந்த ஒரு சொல்லால் அம்மாவுக்குப் பத்து வருஷம் போனது என்றே சொல்வேன். மெடிக்கல் ஷாப்பில் "நரம்பு சுருண்டுக்குச்சுங்க" என்பாள். அவர்கள் நரம்புக்குச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் தவறாமல் ஒரு பட்டை வாங்குவாள். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைக்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல ஆள் இல்லை.

தனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றும் செய்தாள். கட்டிங் வேஸ்டில் கிடைக்கும் ரிப் துணி, கழுத்துக்கும் கைக்கும் வைத்துத் தைக்கிறோமே அது, நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிக் கெண்டைக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். லைக்ரா கலந்த ரிப் என்றால் நன்றாகப் பிடிக்கும் என்று அதையே தேடி எடுப்பாள். இறுக்கினால் சுகமாக இருக்கிறது என்ற அவள் அனுபவம் சரி. கட்டிய இடம் தப்பு. பாதத்தையும் கணுக்காலையும் விட்டுவிட்டு மேலே மட்டும் இறுக்கினால் கீழே தேங்கியது ஏற வழியில்லாமல் போகும். வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்போது ரிப்பின் வரிவரியான அச்சு தோலில் பதிந்திருக்கும். அதற்குக் கீழே கால் உருண்டு பளபளப்பாக இருக்கும்.

மெல்ல மெல்ல உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. வெயிலில் கறுப்பது போல இல்லாமல் காப்பித்தூள் கரைத்துத் தடவிய மாதிரி. அரிப்பு. சொறிந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். மஞ்சள், வேப்பிலை, களிம்பு எல்லாம் போட்டும் இரண்டு வருஷம் ஆறவில்லை.

2001 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு வீட்டுக்குப் பொதுவான குளியலறை. நான் வெளியே குடத்தோடு நின்றிருந்தேன். சாக்கடை ஓட்டையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வந்தது. சாயம் ஓடுவதைப் பார்த்துப் பழகிய ஊர். அம்மா புதுச் சேலையை அலசுகிறாள் என்றுதான் நினைத்தேன். நிறம் வெளுக்காமல் வந்துகொண்டே இருந்தபோதுதான் கதவைத் தட்டினேன். அம்மா கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பக்கத்துப் புடைப்பில் ஒரு சின்னப் பொத்தல். அதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் பீய்ச்சி எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. "வலியே இல்ல அம்மிணி, ஆனா நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அவளைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். காலைத் தொங்கவிட்டு, முழங்காலுக்கு மேல் துண்டை முறுக்கிக் கட்டினோம். இரண்டும் செய்யக் கூடாதவை. ரத்தம் கூடியது. எதிர்வீட்டு அயர்ன் மாஸ்டர் அண்ணன்தான் ஓடி வந்தார். "ஏனுங்க, படுக்க வைங்க மொதல்ல" என்று தரையில் கிடத்தி, காலைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, சுத்தமான பனியன் துணியை நாலாக மடித்துப் பொத்தல் மேல் கட்டை விரலால் அழுத்தினார். துண்டை அவிழ்க்கச் சொன்னார். சில நிமிடத்தில் நின்றுவிட்டது. அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். லுங்கியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். அவருக்கும் அதே கொடி, இரண்டு காலிலும். அயர்ன் டேபிளும் நிற்கிற மேஜைதான்.

அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்திருந்தால் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். பதினைந்து வருஷம் வேலை பார்த்த கம்பெனி அவள் பெயரைப் பதிவே செய்யவில்லை. அதனால் கோவைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சர்ஜன், அம்மாவைவிட வயதில் சின்னவர், கட்டிலில் படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கினார். கொடி வற்றியது. தொடையின் மேற்பக்கத்தில் ஒரு ரப்பர் குழாயைக் கட்டி, "இப்ப எந்திரிச்சு நில்லுங்கம்மா" என்றார். நின்றாள். கொடி எழும்பவில்லை. எனக்கு ஆச்சரியம். குழாயை அவிழ்த்தார். மேலிருந்து கீழாக, வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி, தொடையிலிருந்து கணுக்கால் வரை சரசரவென்று நிரம்பியது. நூறு வருஷத்துக்கு முன்னால் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் காட்டிய சோதனை என்றார். ரத்தம் கீழிருந்து மேலே போக வேண்டும், உங்களுக்கு மேலிருந்து கீழே விழுகிறது என்றார்.

"நரம்பு கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் அம்மா.

"இது நரம்பே இல்லைங்கம்மா. ரத்தக் குழாய், சிரைன்னு சொல்லுவோம். உங்க ஊர்ல கிணத்துக்கு மோட்டார் வெச்சிருந்தீங்களா? புட் வால்வு ஒழுகினா என்ன ஆகும்?"

அம்மா பட்டென்று சொன்னாள்: "ஏத்துன தண்ணி பூராவும் கெணத்துக்கே எறங்கிப்போயிரும். காத்தால சாணித்தண்ணி ஊத்தித்தான் மோட்டாரு எடுக்கோணும்."

"அதேதான். கால்ல இருக்கற சிரையில வழி நெடுக அந்த மாதிரி வால்வுங்க இருக்கு. கெண்டைக்கால் தசைதான் மோட்டார். நடந்தா மோட்டார் ஓடும். நின்னுட்டே இருந்தா ஓடாது. மேல இருக்கற தண்ணியோட பாரமெல்லாம் கீழ் வால்வு மேலதான்."

அம்மாவுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் பிறகு தேடிப் படித்தேன். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறும். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத் தூணின் எடை அது. அவரே நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் தசை பிழிந்து பிழிந்து மேலே தள்ள, 30க்கும் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில எட்டுகள். வால்வுகள் மெல்லிய இதழ்கள். குழாய் விரிந்துபோனால் இதழோடு இதழ் சேராது, ஒழுகும். ஒழுகினால் இன்னும் விரியும். ரத்த அணுக்கள் கசிந்து அவற்றின் இரும்பு தோலில் தங்குவதால்தான் அந்தக் காப்பித்தூள் நிறம். வீட்டில் யாருக்காவது இருந்தால், பிள்ளைப்பேறு கூடினால், உடல் எடை ஏறினால், வயதானால் இந்த ஒழுக்கு வரும் வாய்ப்பு கூடும். நிற்கும் வேலை அதன்மேல் ஏறிக்கொள்கிறது. டென்மார்க்கில் 12 வருஷம் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நின்றோ நடந்தோ இருப்பவர்கள் இந்தச் சிரை நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஆண்களில் 1.75 மடங்கு, பெண்களில் 1.82 மடங்கு. படித்த அன்று எனக்கு அந்த நீள மேஜையின் இரு பக்கமும் நின்ற முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"நரம்ப எடுத்துட்டா ரத்தம் எதுல போகும்?" என்பது அம்மாவின் அடுத்த கவலை. தசைக்குள் ஓடும் ஆழச் சிரைகளே பெரும்பங்கு ரத்தத்தைக் கொண்டுபோகின்றன, தோலுக்கடியில் இருப்பது கிளை வாய்க்கால்தான் என்று சொல்லி அறுவை செய்தார்கள். அன்று தொடை மடிப்பில் வெட்டிக் கட்டி, சிரையை உருவி எடுத்தார்கள். இன்று லேசரோ ரேடியோ அலையோ கொண்டு ஊசித்துளை வழியாகச் சூடேற்றி மூடுகிறார்கள். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். எது செய்தாலும் சிலருக்குத் திரும்பவும் வரும். அம்மாவுக்கு எட்டு வருஷம் கழித்து வலது காலில் வந்தது.

புண்ணை ஆற்றியது களிம்பு இல்லை, கட்டு. பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு (தமனியில் அடைப்பு இருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் கால் போய்விடும், சர்க்கரைக்காரர்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார்கள்) விரல் அடியிலிருந்து தொடங்கி முழங்காலுக்குக் கீழ் வரை அடுக்கடுக்காகச் சுற்றினார்கள். இரண்டு வருஷம் ஆறாத புண் மூன்று மாதத்தில் மூடியது. அதன் பிறகு காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவின் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் விலை.

அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் செய்தது, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்ததுதான். பழக்கம். வட்ட நிட்டிங். சாக்ஸ் மெஷின் மாதிரிச் சின்ன டயா. கணுக்காலில் லூப் நெருக்கம், மேலே போகப் போக லூப் லெங்த் கூடுகிறது, ஊடே லைக்ரா நூல் ஓடுகிறது. கணுக்காலில் அதிக இறுக்கம், மேலே செல்லச் செல்லக் குறைவு. அம்மா ரிப் துணியில் தேடியது இதைத்தான். அவள் கட்டியதைத் தலைகீழாக்கினால் இதுதான். ஊர் முழுக்க நிட்டிங் மெஷின் ஓடுகிறது, எங்களுக்கு இந்தப் பொருள் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர், அமெரிக்காவில் டொலீடோ ஊர்க்காரர். அவருக்கே காலில் ஆறாத புண். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் லேசாவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் அதிகம் அழுத்துகிறது, அதனால் பாதத்தில்தான் அழுத்தம் அதிகம். அதையே துணியில் செய்ய முடியுமா என்று பார்த்தார். 1950 வாக்கில் அப்படிப் பிறந்தது இந்தப் படிப்படியான இறுக்கம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம பி.ஏ.பி. வாய்க்கால்ல துணி தொவைக்கறப்ப எனக்கும் அப்புடித்தான் இருக்கும்" என்றாள்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அம்மாவின் சிரை வெடிப்பதற்கு முந்தைய வருஷம் நான் வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இருபத்துமூன்று வயது. என் மேஜையில் ஒரு பெண், ஆறு மாத கர்ப்பம், காலியான அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் ரவுண்ட் வரும் நேரம். நான் போய், "எந்திரிங்க அக்கா, பாத்தா என்னையத்தான் கேப்பாங்க" என்று பெட்டியை எடுத்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, செருப்பைக் கழற்றி, ஒரு காலை மற்ற காலின் மேல் தேய்த்துக்கொண்டு பீஸைத் திருப்பினாள். அன்று இரவு என் வீட்டில் அம்மா சுவரில் கால் வைத்துப் படுத்திருந்தாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை இப்போது எங்கே தேடுவது என்று தெரியவில்லை. பெட்டியை எடுத்த கை என்னுடையது.

நின்று வேலை செய்கிறவர்கள், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்து ஓய்வெடுக்க இருக்கை இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு சொல்லியிருந்தது. நான் எடுத்தது அட்டைப் பெட்டிதான், ஆனால் அந்த இடத்தில் அவளுக்கு ஒரு பெஞ்சே இருந்திருக்க வேண்டும். அம்மா வேலைக்கு வருவதற்கு முப்பத்தெட்டு வருஷம் முன்பே எழுதப்பட்ட சட்டம். 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அப்பா அதில் இருந்தார். அவர் சொன்ன கதைகளில் கூலி வரும், கஞ்சித்தொட்டி வரும், இருக்கை வந்ததில்லை. கேட்டது கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருவின் துணிக்கடைகளில் நின்றே காலம் கழித்தவர்களைத் தையல்காரியான பி. விஜி 'பெண்கூட்டு' என்று சேர்த்தார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு 'இரிக்கல் சமரம்' என்று உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. கழிப்பறையும் இருக்கையும் ஒரே கோரிக்கைதான் என்பது எங்கள் மேஜைக்காரிகளுக்குப் புரியும். போக வழியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவளுக்கு அந்த நாலு எட்டு நடையும் இல்லாமல் போகிறது.

இப்போது காங்கேயம் ரோட்டுப் பக்கம் பதினான்கு பெண்களோடு செக்கிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். மேஜைக்கு ஏற்ற உயர ஸ்டூல் பதினான்கும் இருக்கிறது. உட்கார்ந்தால் பீஸ் குறைகிறதா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு நோட்டைக் காட்டுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் முன்பெல்லாம் விட்டுப்போகும் ஓட்டைகள் இப்போது விட்டுப்போவதில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஆகாது. காலை மடக்கித் தொங்கவிட்டே இருந்தால் மோட்டார் ஓடாது, டெய்லர்களுக்கும் கால் வீங்குவதைப் பார்க்கிறேன். கொஞ்சம் நில், கொஞ்சம் உட்கார், பண்டலை நீயே போய் எடுத்து வா என்கிறேன். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்கிறேன். பாட்டுப் போட்டால் தானாகவே செய்கிறார்கள். இரவில் கால் இதயத்துக்கு மேலே இருக்கும்படி ஒரு கால் மணி. ஸ்டாக்கிங் எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன், வீக்கம் இல்லாதபோது. சித்திரை வெயிலில் அதைப் போடுவது கொடுமை என்பது எனக்குத் தெரியும், என் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நானும் போடுகிறேன். தோலில் மெல்லிய சிவப்பு வலைகள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கறுத்தால், அரித்தால், சாயங்காலம் வீங்கினால், புண்ணுக்குக் காத்திருக்காமல் சிரையின் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று இதை மட்டும் எழுதியே ஒட்டியிருக்கிறேன். அது ஆழச் சிரையில் ரத்தம் உறைவதாக இருக்கலாம், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேலம்பாளையத்து லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். என் வீட்டில் அவள் அறைச் சுவரில், பெயிண்ட் மேல், அதே மூன்றடி உயரத்தில் இரண்டு தடங்கள் இருக்கின்றன.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண், தேனிப் பக்கத்துக்காரி, இரண்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று டிரிம்மரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "என்ன கண்ணு?" என்றேன். "அக்கா, ஸ்டூல் உசரமா இருக்குல்ல, காலு அந்தரத்துல தொங்குது. கீழ மிதிக்கிறதுக்கு ஒரு கட்டை இருந்தா நல்லாருக்கும்." ஆறு வருஷமாக எனக்குத் தோன்றாதது அது. மறுநாள் மரக்கடையில் சொல்லிப் பதினான்கு கட்டைகள், சாய்வாக அறுத்து, இழைத்து வாங்கி வந்தேன். அவளுடையதை அவளே எடுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் தள்ளினாள். பிறகு பீஸைத் திருப்ப ஆரம்பித்தாள்.